கோபத்துக்கும் கூட்டணி உண்டு

2023 நவம்பரில் நடிகை குஷ்பு எக்ஸ் தளத்தில் ஒரு வரி எழுதினார். தன்னைக் கேள்வி கேட்ட தி.மு.க. ஆதரவாளர் ஒருவருக்கு, உங்களைப் போலச் சேரி மொழியில் பேச எனக்கு வராது என்று பதில் போட்டார். அப்போது அவர் பாரதிய ஜனதா கட்சிக்காரர். தேசிய மகளிர் ஆணையத்தின் உறுப்பினரும்கூட. எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கம் வந்தது. பிரெஞ்சில் 'ஷெரி' என்றால் அன்புக்குரியவர் என்று பொருளாம், அந்த அர்த்தத்தில் கிண்டலாகச் சொன்னாராம். அது எடுபடாமல் போகவே இன்னொரு விளக்கம்: வேளச்சேரி, செம்மஞ்சேரி என்றெல்லாம் ஊர்ப் பெயரிலேயே சேரி இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மன்னிப்பு கேட்க மாட்டேன் என்றார்.

இந்த இரண்டாவது விளக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். ஏனென்றால் நம்ம தோழர்கள் சிலரே அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறினார்கள். சேரி என்ற சொல்லுக்கு ஆதியில் இழிவு கிடையாது என்பது உண்மைதான். சேர்ந்து வாழும் இடம் சேரி. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டை, குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித்தருகிறார்களே, அந்தக் கல்வெட்டு பிராமணர்களின் ஊரைப் பற்றியது. அதில் முப்பது குடும்பு, பன்னிரண்டு சேரி என்று கணக்கு வருகிறது. அந்தச் சேரிகளில் குடியிருந்தவர்கள் பார்ப்பனர்கள். அடுத்த நூறு வருசத்துக்குள் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறான். பிற்பாடு பார்ப்பனர் குடியிருப்பு அக்கிரகாரம் ஆச்சு, சாதி இந்துக்களின் குடியிருப்பு ஊர் ஆச்சு, மிச்சம் கிடந்த சொல் நம் தலையில் விழுந்தது. ஆக, சொல்லின் வரலாறே நிலத்தைப் பிரித்த வரலாறு. 2023இல் ஒருவர் 'சேரி மொழி' என்று ஏசும்போது உத்திரமேரூர்ச் சபையை நினைத்துக்கொண்டு ஏசவில்லை என்பது ஏசியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு வாங்கியவனை யாரும் 'சேரிக்காரன்' என்று சொல்வதில்லை.

சரி. கண்டனம் வந்தது. காங்கிரசின் எஸ்.சி. பிரிவு போராடியது. விடுதலைச் சிறுத்தைகள் கண்டித்தது. தி.மு.க.வின் சமூக ஊடகப் படை சேரி மக்களுக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டது. இந்தக் கடைசி ஆட்களின் கோபத்தை மட்டும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

2020 பிப்ரவரியில், சென்னை அன்பகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தி.மு.க.வின் அமைப்புச் செயலாளர் ஆர்.எஸ். பாரதி பேசினார். தாழ்த்தப்பட்டவர்கள் உயர்நீதிமன்ற நீதிபதிகளாக வந்தது திராவிட இயக்கம் போட்ட பிச்சை என்றார். அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது நீதிபதி ஏ. வரதராசனை. 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும், 1980 டிசம்பரில் உச்சநீதிமன்றத்துக்கும் போனவர். உச்சநீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் தலித். சட்டம் படித்து, மாவட்ட நீதிபதியாக வேலை பார்த்து, அந்த அனுபவத்தோடு மேலே போன மனுசர். அவரது நாற்காலி பிச்சையாம். நாட்டில் எத்தனையோ சாதிக்காரன் நீதிபதியாகியிருக்கிறான். எந்தச் சாதிக்காரனின் பதவியையாவது யாராவது மேடையில் பிச்சை என்று சொன்னதுண்டா? முதலியாருக்குக் கிடைத்தால் தகுதி, நாயுடுவுக்குக் கிடைத்தால் உரிமை, நமக்குக் கிடைத்தால் பிச்சை! அதே பேச்சில் ஊடகக்காரர்களையும் கேவலமாகப் பேசியிருந்தார். பத்திரிகையாளர் சங்கங்கள் உடனே எழுந்தன. பிறகு வருத்தம் தெரிவித்தார். பதவிக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை.

இதில் அ.தி.மு.க. அரசின் நாடகத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பிப்ரவரியில் பேசிய பேச்சுக்கு மே 23ஆம் தேதி விடியற்காலையில் வீட்டுக்குப் போய்க் கைது செய்தார்கள். மூன்று மாசமாக எங்கே போயிருந்தது அந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்? பாரதி, முதலமைச்சர் மேலும் அமைச்சர்கள் மேலும் ஊழல் புகார்களாக அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆக, நம் மானத்தைக் காப்பாற்ற வந்த போலீஸ் இல்லை அது. நம் சட்டத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் பகையைத் தீர்த்துக்கொண்டார்கள். தி.மு.க.வோ இது அரசியல் பழிவாங்கல் என்று கத்தியது. பழிவாங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'பிச்சை' என்று சொன்னது தப்பா இல்லையா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமலே போச்சு. அன்று முதல் இன்று வரை அது தொலைந்தது தொலைந்ததுதான்.

அதே 2020 மே மாதம் தலைமைச் செயலாளரைப் பார்த்துவிட்டு வந்த தயாநிதி மாறன், தங்களை அவர் நடத்திய விதத்தைச் சொல்லும்போது, நாங்க என்ன தாழ்த்தப்பட்டவர்களா என்று கேட்டார். கேமராக்களுக்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில். தாழ்த்தப்பட்டவர்களாக இருந்தால் அப்படி நடத்தலாம் என்பதுதானே அதன் உள்ளடக்கம்? பொதுப்புத்தி என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோமே, அது வாயைத் தெறந்து பேசினால் இப்படித்தான் இருக்கும். எச்.ராஜா இதைச் சொல்லியிருந்தால் தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் உருவபொம்மை எரிந்திருக்கும்? சொன்னவர் கூட்டணிக் கட்சிக்காரர் என்பதால் 'தோழமைச் சுட்டுதல்' என்று ஒரு புதுச் சொல்லை நம் தலைவர் தொல். திருமாவளவன் கண்டுபிடித்தார். மாறன் வருத்தம் சொன்னார், முடிஞ்சு போச்சு. எதிரி சொன்னால் வன்கொடுமை, நண்பர் சொன்னால் சுட்டுதல். ஊருக்குள்ளே இப்படி ஒரு சட்டம் இருந்தால் அதை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று தோழர்கள் யோசிக்கணும்.

கட்சியே இல்லாத வாய்க்கு என்ன கதி என்பதையும் பார்த்தோம். 2021 ஆகஸ்டில் மீரா மிதுன் என்ற நடிகை, தலித் இயக்குநர்களைச் சினிமாவை விட்டே வெளியேற்றணும் என்று வீடியோ போட்டார். கொழுப்பெடுத்த பேச்சு, சந்தேகமில்லை. விடுதலைச் சிறுத்தைகள் புகார் கொடுத்தது, சில நாளில் கேரளாவுக்கே போய்ப் பிடித்து வந்தது போலீஸ். நடவடிக்கை சரியே. ஆனால் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிக் கேவலமான பதிவைப் பகிர்ந்த எஸ்.வி. சேகரை, முன்ஜாமீன் மறுக்கப்பட்ட பிறகும் அதே போலீசால் பிடிக்க முடியவில்லையே! சட்டத்துக்கு ஓடத் தெரியாது என்று இனிமேல் யாரும் சொல்லக்கூடாது. யாரைத் துரத்தும்போது ஓடணும், யாரைத் துரத்தும்போது மூச்சு வாங்கணும் என்று அதுக்கு நல்லாவே தெரிந்திருக்கிறது.

இப்போது குஷ்புவிடமே திரும்பப் போகலாம். அவர் கதையில் நம் கதையும் இருக்கிறது.

2005 செப்டம்பரில் இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பு பாலுறவு பற்றிய கருத்துக்கணிப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் குஷ்பு, மனைவியாக வருபவள் கன்னியாக இருக்கணும் என்று படித்த ஆண் எதிர்பார்க்கக் கூடாது, திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொண்டால் பாதுகாப்பாக இருந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி சொன்னார். தமிழ்ப் பெண்களின் கற்பைக் கேவலப்படுத்திவிட்டார் என்று தெருவுக்கு வந்தது யார்? பாட்டாளி மக்கள் கட்சியும் விடுதலைச் சிறுத்தைகளும். துடைப்பம், செருப்பு, உருவபொம்மை. ஊர் ஊராக நீதிமன்றங்களில் இருபதுக்கும் மேல் வழக்கு. நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்துக்கு அவர் வந்தபோது தக்காளியும் முட்டையும் பறந்தன. ஆதரவாகப் பேசிய சுகாசினிக்கும் அதே மரியாதை.

அப்போது திருமாவளவனும் ராமதாசும் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்று ஒரே மேடையில் இருந்தார்கள். வன்னியரும் பறையரும் வடமாவட்டத்தில் ஒன்றுசேர்ந்தால் நல்லதுதானே என்று பலரும் நம்பிய காலம். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒன்றுசேருவதற்குக் கிடைத்த இடம் எது என்று பாருங்கள். நிலமா, கூலியா, தனிக்குவளையா? ஒரு பொம்பளையின் கற்பு! 1916 மே மாதம் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த சாதி பற்றிய கட்டுரையில் என்ன சொன்னார்? அகமணம்தான் சாதியின் சாரம் என்றார். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அந்த அகமணத்தைக் காப்பாற்றப் பெண் மேல் போட்ட பூட்டு என்றார். கற்பு என்பது அந்தப் பூட்டின் சாவிக்கொத்து. பெரியார் அதைப் போட்டு உடைத்து எழுதினார். சாதியை ஒழிக்கக் கிளம்பியவர்கள் அதே சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். அன்றைக்கே தலித் எழுத்தாளர்கள் சிலரும் பெண்ணியவாதிகளும் இது தப்பு என்று எழுதினார்கள். யார் காதில் விழுந்தது?

அதன் பாக்கிக்கணக்கு ஏழு வருசத்தில் வந்து சேர்ந்தது. தலித் பையன்கள் ஜீன்ஸ் பேண்ட், டீசர்ட், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நம்ம பெண்களை மயக்குகிறார்கள் என்று ராமதாஸ் 2012இல் பேசினார். 2005இல் தமிழ்ப்பெண்ணின் கற்பாக இருந்தது 2012இல் எங்க சாதிப் பெண்ணின் மானமாக மாறியது. துடைப்பம் எடுத்தவர்கள் பெட்ரோல் எடுத்தார்கள். 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றும் எரிந்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். அந்த ஜீன்ஸ் பேச்சும் ஊடகங்களில் வந்த பேச்சுதான். அதைக் கண்டிக்கப் பெரிய கட்சிகள் எத்தனை தயங்கின, வன்னியர் ஓட்டை நினைத்து எப்படி வார்த்தைகளை மென்று விழுங்கின என்பதை அந்த நாட்களின் அறிக்கைகளை எடுத்துப் படித்தால் தெரியும்.

நடுவில் இன்னொரு கூத்து. 2010 ஏப்ரல் 28ஆம் தேதி உச்சநீதிமன்றம் குஷ்பு மேலான வழக்குகள் அத்தனையையும் ரத்து செய்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதி. அடுத்த மாதமே குஷ்பு தி.மு.க.வில் சேர்ந்தார். 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் யார் யார்? காங்கிரஸ், பா.ம.க., விடுதலைச் சிறுத்தைகள். அந்தக் கூட்டணிக்குத்தான் குஷ்பு ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார். தமிழ்ப்பெண்ணின் கற்பு என்ன ஆச்சு? தொகுதிப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது மேசைக்கு அடியில் விழுந்திருக்கும்.

2020 அக்டோபரில் அவர் பா.ஜ.க.வுக்குப் போனார். போன சில நாட்களில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. திருமாவளவன் செப்டம்பரில் ஒரு இணையவழிக் கருத்தரங்கில் பேசியபோது மனுநூல் பெண்களை எப்படிச் சித்திரிக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அதில் ஒரு துண்டை வெட்டிப் பரப்பி, திருமா இந்துப் பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்று கிளப்பினார்கள். சென்னையில் போலீஸ் வழக்கே போட்டது. சிதம்பரத்தில் ஆர்ப்பாட்டம் செய்யக் கிளம்பிய குஷ்பு வழியிலேயே கைதானார். மனு எழுதினது தப்பில்லை, மனு எழுதினதை வாசித்துக் காட்டினது தப்பு! 1927 டிசம்பர் 25ஆம் தேதி மகத்தில் அம்பேத்கரும் தோழர்களும் அந்தப் புத்தகத்தை எரித்தது சும்மா குளிர்காயவா? பெண்ணை இழிவுபடுத்துகிறது என்று சொல்லிக் கோபப்படுவதானால் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டல்லவா கோபப்படணும்? இந்தக் கோபத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, இது அச்சடித்த பார்ப்பனியம். 2005இல் கற்புக்காகத் துரத்தப்பட்ட அதே பெண்ணைப் பெண்மானத்தின் காவலராக நிறுத்தியதுதான் இதில் ஒரே புதுமை.

இதற்கு நம் தோழர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். பா.ஜ.க.தான் முதல் எதிரி, நண்பர்களை இந்த நேரத்தில் சுட்டிக்காட்டினால் பாசிசத்துக்கு உதவியாகிவிடும் என்பார்கள். முதல் எதிரி பா.ஜ.க. என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2024 டிசம்பர் 17ஆம் தேதி மாநிலங்களவையில் அமித் ஷா, அம்பேத்கர் பெயரைச் சொல்வது ஃபேஷனாகிவிட்டது, அத்தனை முறை கடவுள் பெயரைச் சொன்னால் சொர்க்கம் கிடைக்கும் என்றபோது வந்த கோபம் நியாயமான கோபம். ஆனால் அன்று அம்பேத்கர் படத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற காங்கிரஸ்தான் 1952இலும் 1954இலும் அவருக்கு எதிராக வேட்பாளரை நிறுத்தித் தோற்கடித்தது. பாரத ரத்னா அவருக்கு வந்ததே 1990இல், வி.பி. சிங் ஆட்சியில். இதைச் சொன்னால் அமித் ஷாவுக்குச் சாதகமாம். அமித் ஷாவுக்குச் சாதகமானது இந்த வரலாறு அல்ல. இந்த வரலாற்றை நாம் சொல்லாமல் விட்டதால், அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நம் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள், அதுதான் அவர்களுக்குச் சாதகம். சேரிகளில் இந்துத்துவம் நுழைகிற சந்து எதுவென்று தேடிக்கொண்டிருக்கிறோமே, அதில் ஒன்று இது.

இன்னொன்று. கோபம் கட்சி மாறும்போது சொல்லின் காயம் அப்படியே கிடக்கிறது. 2024 ஜூலையில் சாட்டை துரைமுருகன் கருணாநிதியைப் பற்றி ஒரு பாட்டை மேடையில் பாடினார். அதில் சண்டாளன் என்ற சொல் வந்தது. கைது செய்தார்கள். சீமான் எழுந்து நானும் பாடுகிறேன் என்று பாடினார். கலைஞரைச் சண்டாளன் என்பதா என்று உடன்பிறப்புகள் கொதித்தார்கள். சண்டாளர் என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்று. அப்படியானால் கோபத்தின் பொருள் என்ன? எங்கள் தலைவரை உங்கள் சாதிப் பெயரால் கூப்பிட்டுவிட்டார்களே என்பதுதானே? ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், அந்தப் பெயரை வசவாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவேண்டி வந்தது. சீமானும் ஒன்றும் சும்மா இல்லை. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கில் அருந்ததியர்களைத் தூய்மைப் பணிக்காக விஜயநகர ஆட்சியில் கொண்டுவரப்பட்டவர்கள் என்று பேசி வழக்கு வாங்கியவர். வந்தேறி என்று முத்திரை குத்தினால் எந்த சாதிப் பெயரும் அவருக்குப் பாட்டுக்கு உதவும். ஆங்கிலப் பத்திரிகைகளோ தள்ளிவைக்கப்பட்ட நாடுகளைப் 'பரையா' நாடு என்று தினமும் எழுதுகின்றன. தமிழனின் சாதிப் பெயரே உலகத்துக்கு வசவாக ஏற்றுமதியாகியிருக்கிறது. தமிழ், தமிழ் என்று நெஞ்சு நிமிர்த்தும் எந்தக் கட்சியும் இதற்காக ஒரு நாளாவது அந்தப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் நின்றதில்லை.

பொன்முடி விசயம் எல்லாவற்றையும் ஒரே ஆளில் காட்டிவிட்டது. 2022இல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு மேடையில் அமைச்சராக உட்கார்ந்துகொண்டு, ஒன்றியக் குழுத் தலைவராக இருந்த பெண்ணைப் பார்த்து நீ எஸ்.சி.தானே என்று கேட்டார். அந்தம்மா எழுந்து ஆமாம் என்றது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அமைச்சர் பதவியும் போகவில்லை, கட்சிப் பதவியும் போகவில்லை. 2025 ஏப்ரலில் அதே பொன்முடி சைவ, வைணவக் குறிகளை வைத்து ஆபாசமாகப் பேசினார். ஏப்ரல் 11ஆம் தேதி துணைப் பொதுச்செயலாளர் பதவி போனது, மாதக் கடைசியில் அமைச்சர் பதவியும் போனது. நாமக்காரனுக்கும் பட்டைக்காரனுக்கும் ஓட்டு இருக்கிறது, அந்த ஓட்டு கைமாறும் என்ற பயம் இருக்கிறது. எஸ்.சி. ஓட்டு எங்கே போய்விடும், சுட்டுதலோடு நின்றுவிடும் என்கிற தைரியமும் இருக்கிறது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார்?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருசம் விசாரித்த சி.பி.சி.ஐ.டி., 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட மக்கள் பக்கத்திலேயே மூன்று பேரைக் குற்றவாளியாக்கிக் குற்றப்பத்திரிகை கொடுத்தது. குஷ்புவின் ஒரு வரிக்குக் கொதித்த அந்தச் சமூக ஊடகப் படை இதற்கு எத்தனை வரி எழுதியது என்று மாணவத் தோழர்கள் போய்த் தேடிப் பார்க்கலாம். பதிவுகள் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

டி.வி.யில் பேசியதற்கும் எக்ஸ் தளத்தில் எழுதியதற்கும் புகார் கொடுக்க வக்கீல் பட்டாளமே கமிஷனர் ஆபீசுக்குப் போகிறது. மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. ஆனால் டீக்கடையிலும் வரப்பிலும் ரேஷன் கடை வரிசையிலும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டு வாங்கிய நம் பொம்பளை ஸ்டேஷனுக்குப் போனால் என்ன நடக்கும்? என்ன சொல்லித் திட்டினான், சரியா சொல்லு, யார் கேட்டா, பொது இடமா, சாட்சி உங்க ஆளா வேற ஆளா என்று நிற்க வைத்துக் கேட்பார்கள். சாயங்காலம் அவள் மேலேயே எதிர்ப்புகார் வந்து கிடக்கும். சமாதானமாப் போங்க என்று சொல்ல, ஆளுங்கட்சி ஒன்றியமும் எதிர்க்கட்சி ஒன்றியமும் சேர்ந்தே வருவார்கள். அவள் கொடுத்த மனுவுக்கு ஒரு ரசீது வாங்கித் தர, எந்தக் கட்சியின் ஊடகப் பிரிவாவது அந்த ஸ்டேஷன் வாசலை மிதித்திருக்கிறதா?